காற்றாலை வைத்தால் கட்டுப்படியாகுமா? தோட்டத்து ஊர்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோவில் நிர்வாகக் கூட்டமோ, பள்ளிப் பெற்றோர் கூட்டமோ, கூட்டுறவுச் சங்க ஆண்டுக்கூட்டமோ நடந்தால், மின்கட்டணப் பேச்சு வராமல் முடிவதில்லை. "நாமே சேர்ந்து ஒரு காற்றாலை வைத்து, மின்சாரத்தைத் தெனாகாவுக்கு விற்றால் என்ன?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். (தெனாகா என்பது தீபகற்ப மலேசியாவின் மின்விநியோக நிறுவனம்.) நியாயமான கேள்வி. பதில் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும்: அந்த இடத்தில் வீசும் காற்றின் வேகம், விற்கும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை. அடிக்கடி வரும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். கட்டண எண்கள் 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த தீபகற்ப மலேசியக் கட்டண அட்டவணைப்படி. எதிலும் கையெழுத்துப் போடும் முன் அன்றைய அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தெனாகாவுக்குக் கரண்ட் வித்தா யூனிட்டுக்கு எவ்வளவு கெடைக்கும்?

யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. அதற்கு எல்லோருக்கும் ஒரே விலை கிடையாது. எந்தத் திட்டத்தின் கீழ் விற்கிறீர்கள் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. முதல் வகை, நீண்ட கால ஒப்பந்தத்தில் உறுதி செய்யப்பட்ட விலை. 2011-ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் இதைக் கொண்டுவந்தது. செடா எனப்படும் ஆணையம் நடத்துகிறது. செம்பனைக் கழிவு போன்ற உயிர்ப்பொருள், அதிலிருந்து எடுக்கும் உயிர்வாயு, சிறு நீர்மின்சாரம் போன்றவை இதில் வரும். சட்டம் வந்தபோது வைத்த ஒப்பந்தக் காலம் உயிர்ப்பொருளுக்கும் உயிர்வாயுவுக்கும் 16 ஆண்டு, சிறு நீர்மின்சாரத்துக்கு 21 ஆண்டு.

இரண்டாவது வகை, வீட்டுக் கூரையில் சோலார் வைத்து, நாம் பயன்படுத்தியது போக மிஞ்சியதை லைனில் விடுவது. 2026 ஜனவரியில் தொடங்கிய சோலார் அத்தாப் திட்டத்தில் வீடுகளுக்கு அந்த மிச்சம் எரிசக்திக் கட்டண விகிதத்தில், பெரும்பாலோருக்கு 27 சென் (100 சென் ஒரு ரிங்கிட், பேச்சில் வெள்ளி) அளவில், பில்லில் கழிக்கப்படுகிறது. அந்த மாதப் பில்லில் கழித்தது போக மீதி இருந்தால் அடுத்த மாதத்துக்குப் போகாது. கடை, கோவில், மண்டபம் போன்ற வீடல்லாத இணைப்புகளுக்கு எஸ்எம்பி என்ற சந்தை விலை. அரைமணிக்கு ஒருமுறை கணக்கிடப்படும் இந்த விலை, அந்த நேரத்தில் மின்தேவையை நிறைவு செய்யக் கடைசியாகச் சேர்க்கப்பட்ட மின்நிலையத்தின் செலவைக் காட்டுவது. ஏறும், இறங்கும்.

நம்மகிட்ட 44 சென் வாங்குறாங்க, நமக்கு 27 சென்தான் குடுக்குறாங்க. அநியாயம் இல்லையா?

பில்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு ஒரு யூனிட் விலை மூன்றாகப் பிரிந்திருக்கும்: எரிசக்திக் கட்டணம் 27.03 சென், மின்திறன் கட்டணம் 4.55 சென், மின்கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென். கூட்டினால் 44.43 சென். (குறைவாகப் பயன்படுத்துவோருக்கு இதில் தள்ளுபடி உண்டு. அதனால் பலருடைய பில்லில் நிகரத் தொகை இன்னும் குறைவாக இருக்கும்.)

நீங்கள் விடும் மின்சாரம் தெனாகாவுக்கு எதை மிச்சப்படுத்துகிறது? நிலக்கரி, எரிவாயுச் செலவை. அதாவது அந்த 27 சென் பகுதியை. கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், பழுதுபார்க்கும் ஆட்கள், காற்றோ வெயிலோ இல்லாத நேரத்துக்குத் தயாராக நிற்கும் மின்நிலையம் எல்லாம் அப்படியே வேண்டும். ஆகவே 27 சென்னை அநியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் போடும்போது ஒன்றை மறக்கக் கூடாது: நாமே பயன்படுத்தும் யூனிட் 44 சென் மிச்சம் தரும், லைனில் விடும் யூனிட் 27 சென்தான் தரும். 2025 ஜூன் வரை புதிதாகச் சேர்வோருக்குக் கிடைத்த "ஒன்றுக்கு ஒன்று" கணக்கை, அதாவது விட்ட ஒரு யூனிட்டுக்கு ஈடாக ஒரு யூனிட்டைக் கழிக்கும் கணக்கை, வைத்துப் போட்ட பழைய வரவு செலவுத் தாள்களை யாராவது இன்று காட்டினால் ஏற்க வேண்டாம்.

காத்தாடி வெச்சா அந்த 27 சென்னாவது கெடைக்குமா?

கிடைக்காது. சோலார் அத்தாப் சூரிய ஒளிக்கு மட்டும். உறுதி விலைத் திட்டத்தின் பட்டியலில் காற்று இல்லை. ஆகத் தீபகற்பத்தில் ஒரு தோட்டத்து ஊர் காற்றாலை வைத்தால் அதன் மின்சாரத்துக்கென்று அறிவிக்கப்பட்ட கொள்முதல் விலையே கிடையாது. சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் வைப்பதென்றாலும், பொதுக் கட்டமைப்போடு இணைக்கும் முன் எரிசக்தி ஆணையத்திடமும் தெனாகாவிடமும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். வாய்மொழியாக "ஓகே" என்று சொன்னது செல்லாது.

ஏன் காத்த மட்டும் விட்டுட்டாங்க? அரசியலா?

காற்று போதாது என்பதுதான் முதல் காரணம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தீபகற்பத்தின் உள்பகுதிகளில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் ஆண்டுச் சராசரி வேகம் விநாடிக்கு 2 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். கிழக்குக் கரையில் மெர்சிங், சபாவில் கூடாட் போன்ற இடங்களில் கொஞ்சம் மேல். சுங்கை சிப்புட்டோ மலைத்தொடர்களுக்கு நடுவே, வடகிழக்குப் பருவக்காற்றுக்குத் தித்திவாங்சா மலை மறைக்கும் பக்கத்தில் கிடக்கிறது.

2 மீட்டர், 4 மீட்டர் என்றால் இருமடங்கு வித்தியாசம்தானே என்று தோன்றும். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடியாக ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. 5 மீட்டர் விட்டமுள்ள சுழலியை எடுத்துக்கொள்வோம். இறக்கை சுற்றும் பரப்பு 19.6 சதுர மீட்டர். காற்று 2.5 மீட்டர் வேகத்தில் சீராக வீசினால் அந்தப் பரப்பைக் கடக்கும் ஆற்றல் ஏறக்குறைய 180 வாட். எந்தச் சுழலியும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்பது இயற்பியல் வரம்பு. நல்ல சிறு இயந்திரம் 30 விழுக்காடு எடுத்தால் 54 வாட். ஒரு மின்விசிறி ஓடும். அதே இயந்திரம் 5 மீட்டர் காற்றில் 430 வாட், 10 மீட்டர் காற்றில் 3,400 வாட்டுக்கு மேல் தரும். இயந்திரமும் செலவும் அதேதான், இடம் மட்டும் வேறு. இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

போன மழையில கூரையே பறந்துச்சு. காத்து இல்லன்னு எப்படிச் சொல்றீங்க?

அது மலாக்கா நீரிணைப் பக்கம் வரும் சுமத்ரா சூறைக்காற்று, அல்லது மாலை இடிமழைக்கு முன் இறங்கும் வீச்சு. கூரையைத் தூக்கும் வேகம் உண்மைதான், ஆனால் நீடிப்பது நிமிடக் கணக்கில். 3 கிலோவாட் சுழலி முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்: 1.5 யூனிட். 44.43 சென் வீதம் 67 சென் கூட வராது. அந்த வேகத்தில் பெரும்பாலான இயந்திரங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரேக் போட்டு நின்றுவிடும் என்பது வேறு.

சூறைக்காற்று வருமானம் தராமல் செலவைத் தருகிறது. கோபுரமும் அடித்தளமும் அந்த உச்ச வேகத்தைத் தாங்கும்படி கட்ட வேண்டும். இடி மின்னல் மிகுந்த நாடு நம்முடையது. ஊரிலேயே உயரமான இரும்புக் கம்பத்தின் உச்சியில் இருக்கும் மின்னணுப் பொருள்தான் முதலில் அடிவாங்கும். நல்ல நிலத்தொடர்பும் (எர்த்), மின்னழுத்தம் திடீரென எகிறுவதைத் தடுக்கும் கருவியும் இல்லாத இயந்திரத்தில் முதலில் போவது இன்வெர்ட்டர்.

முப்பந்தல்ல அத்தனை ஓடுதே, நம்ம ஊருல மட்டும் ஏன் ஓடாது?

கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வாயில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, வழி கிடைக்கும் கணவாய்களில் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களும் அப்படியே. மே முதல் செப்டம்பர் வரை அங்கே இரவு பகல் ஓயாத காற்று. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்பதற்கு நிலவமைப்பு முதற்காரணம். இலங்கையின் மன்னாரில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் நிலையம் வந்ததும் அங்கே திறந்த கடலோரக் காற்று இருப்பதால்தான்.

பலர் கவனிக்காத இன்னொரு செய்தி: தமிழ்நாட்டுக் காற்றாலைகளில் பெரும்பங்கை நூற்பாலை, சிமெண்ட் ஆலை போன்ற தொழிற்சாலைகள் வைத்தன. அவர்கள் வாரியத்துக்கு விற்ற விலையை நம்பி இறங்கவில்லை. தங்கள் ஆலையின் உயர்ந்த கட்டண யூனிட்டைக் கழித்துக்கொண்டார்கள், காற்றுக் காலத்தில் விளைந்ததை வாரியத்திடம் இருப்பு வைத்து மற்ற மாதங்களில் எடுத்துக்கொண்டார்கள், முதலாண்டிலேயே 80 விழுக்காடு தேய்மானம் காட்டி வரியையும் மிச்சம் பிடித்தார்கள். கோவில் சங்கமோ தோட்டத்துக் குடும்பங்களோ அந்த மூன்றில் ஒன்றையும் இங்கே செய்ய முடியாது.

இணையத்துல 5 கிலோவாட் மெசின் விக்குறாங்க. 1.5 மீட்டர் காத்துலயே சுத்துமாம். வாங்கலாமா?

சுற்றுவது வேறு, மின்சாரம் தருவது வேறு. 1.5 மீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டரைக் கடக்கும் மொத்த ஆற்றலே 2 வாட். அதில் பாதியைப் பிடித்தாலும் ஒரு வாட். கைப்பேசியைக்கூட உருப்படியாக ஏற்ற முடியாது. "5 கிலோவாட்" என்ற எண் பொதுவாக 11 அல்லது 12 மீட்டர் வேகத்துக்குச் சொல்லப்படுவது. அந்த வேகம் நம் ஊரில் சூறைக்காற்றில் மட்டும் வரும்.

விற்பவரிடம் மூன்று கேளுங்கள்: இறக்கையின் விட்டம் எத்தனை மீட்டர்? 3, 4, 5 மீட்டர் வேகங்களில் எத்தனை வாட் என்று வரைபடம் உண்டா? அந்த வரைபடத்தைச் சோதித்தது யார்? விட்டத்தைச் சொல்லாமல் வாட்டை மட்டும் சொல்பவரிடம் வாங்காதீர்கள். கூரையின் மேல் பொருத்தச் சொன்னாலும் வேண்டாம். கூரை விளிம்பில் காற்று சுழன்று அடிக்கும், அதிர்வு சுவரில் இறங்கும், தாங்கு உருளை சீக்கிரம் தேயும்.

உயரமாக் கட்டினா? இல்ல, மலை மேல வெச்சா?

உயரம் உதவும், ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. மரங்கள் அடர்ந்த நிலத்தில் 10 மீட்டரில் 2 மீட்டர் வேகம் இருந்தால் 50 மீட்டரில் அது 3 மீட்டரை ஒட்டி வரலாம். ஆற்றல் மூன்று மடங்குக்கு மேல் கூடும் என்பது உண்மை. அப்படியும் 6 மீட்டர் காற்றுள்ள இடத்தின் எட்டில் ஒரு பங்குதான்.

செம்பனைத் தோட்டத்தில் இன்னொரு சிக்கல். 150 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் எந்தத் தடையைவிடவும் இறக்கையின் கீழ்நுனி குறைந்தது 9 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது சிறு காற்றாலைகளுக்கான அடிப்படை விதி. முதிர்ந்த செம்பனை 15 மீட்டர் என்றால் கீழ்நுனி 24 மீட்டர். 5 மீட்டர் சுழலிக்குக் கோபுரம் ஏறக்குறைய 27 மீட்டர். இளங்கன்று நிற்கும் நிலத்தைப் பார்த்து 12 மீட்டர் கம்பம் போதும் என்று முடிவு செய்தால், பத்துப் பதினைந்து ஆண்டில் காற்றாலை மட்டைகளுக்குள் புதைந்துவிடும். மலை முகடு நல்ல இடமாக இருக்கலாம், ஆனால் அங்கே பாதை, கம்பி, வனத்துறை அனுமதி எல்லாம் காற்றாலையின் விலையையே தாண்டிவிடும்.

சரி, அரசாங்கம் நல்ல ரேட் குடுத்தா கணக்கு நிக்குமா?

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 100 கிலோவாட் காற்றாலை; கோபுரம், அடித்தளம், கம்பி இணைப்பு எல்லாம் சேர்த்து 10 லட்சம் ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 6 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால் ஆண்டுத் தவணை ஏறக்குறைய 87,200 ரிங்கிட். பராமரிப்பு, காப்புறுதி 30,000 ரிங்கிட். ஆண்டுச் செலவு 117,200 ரிங்கிட்.

ஆண்டு முழுக்க முழுத் திறனில் ஓடினால் வரக்கூடியதில் நான்கில் ஒரு பங்கு, 25 விழுக்காடு, நல்ல காற்றுள்ள இடத்தில் கிடைக்கும்: 219,000 யூனிட். யூனிட்டுக்கு 53.5 சென் அடக்க விலை. 10 விழுக்காடு கிடைக்கும் இடத்தில் 1.34 ரிங்கிட். 5 விழுக்காடு என்றால் 43,800 யூனிட், அடக்க விலை 2.68 ரிங்கிட். நம் வட்டாரக் காற்றுக்கு அந்த 5 விழுக்காடே அதிகம். ஆக நல்ல காற்றுள்ள இடத்தில் 55 சென் கொடுத்தால் சிறு காற்றாலை தலை தூக்கும். நம் ஊரில் அதைப்போல ஐந்து மடங்கு கொடுத்தாலும் தூக்காது. விலையால் காற்றை வரவழைக்க முடியாது.

ரேட்ட விட எத்தன வருசம்ங்கறது முக்கியமா?

கிட்டத்தட்ட அதே அளவு முக்கியம். மேலே சொன்ன நல்ல இடத்துக் காற்றாலையையே எடுங்கள். 20 ஆண்டு ஒப்பந்தத்தில் 53.5 சென். ஒப்பந்தம் 10 ஆண்டுதான் என்று வங்கி கடனையும் 10 ஆண்டில் கட்டச் சொன்னால் 75.7 சென் தேவைப்படும். வட்டி 8 விழுக்காடானால் 20 ஆண்டுக்கே 60.2 சென், 4 விழுக்காட்டில் கிடைத்தால் 47.3 சென். காற்று மாறவில்லை, இரும்பு மாறவில்லை, காகிதம் மட்டும் மாறியது.

அதனால்தான் சமூகத் திட்டங்களுக்குச் சந்தை விலை ஒத்துவருவதில்லை. பெரிய நிறுவனம் ஒரு மோசமான ஆண்டை வேறு வருமானத்தால் சமாளிக்கும். 200 குடும்பங்கள் சேர்ந்த சங்கத்துக்கு இரண்டு ஆண்டு விலை விழுந்தால் தவணை நிற்கும். ஒப்பந்தத்தில் விலை, காலம் இவற்றோடு இன்னும் மூன்றைத் தேட வேண்டும்: விலைவாசி ஏற விலை ஏறுமா, லைனில் இடமில்லை என்று நிறுத்தச் சொன்னால் இழப்பீடு உண்டா, இணைப்புக்காக டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற வேண்டி வந்தால் யார் தலையில்? மூன்றாவதுதான் சிறு திட்டங்களைத் தொடங்கும் முன்பே முடித்துவிடுவது. தோட்டத்து ஊர்களின் லைன்கள் நீளமானவை, மெல்லியவை. கடைக்கோடியில் மின்சாரத்தை உள்ளே தள்ளினால் மின்னழுத்தம் ஏறும், அதைச் சரிசெய்யப் பெருஞ்செலவாகும்.

மத்த நாட்டுல ஊர் சனங்களே சேர்ந்து வெச்சிருக்காங்களே, அது எப்படி?

டென்மார்க்கில் கோப்பன்ஹேகன் கடலோரத்து மிடில்குருண்டன் நல்ல எடுத்துக்காட்டு. 2 மெகாவாட் வீதம் 20 காற்றாலைகள். பாதி மின்வாரியத்துக்கு, பாதி ஆயிரக்கணக்கான பொதுமக்கள் சேர்ந்த கூட்டுறவுச் சங்கத்துக்கு. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 1,000 யூனிட் உற்பத்திக்குச் சமம் என்று பிரித்தார்கள். பங்கு வாங்கியவர் தன் வீட்டுப் பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பங்கை யூனிட்டாகப் பிரிப்பது எந்தச் சங்கமும் பின்பற்றத் தக்க முறை. ஜெர்மனி 1991 முதல் காற்று மின்சாரத்துக்குச் சராசரி சில்லறை விலையில் 90 விழுக்காடு கொடுத்தது, 2000-இல் அதை 20 ஆண்டு உறுதி விலையாக மாற்றியது. விவசாயிகளும் ஊர்ச் சங்கங்களும் வங்கிக் கடன் பெற முடிந்தது அதனால்தான்.

கனடாவின் நோவா ஸ்கோஷியா 2011-இல் சமூகத் திட்டங்களுக்கென்றே தனி விலை வைத்தது: 50 கிலோவாட் வரையிலான காற்றாலைக்கு யூனிட்டுக்கு 49.9 கனடிய சென், அதற்கு மேல் 13.1 சென். அளவு சிறுத்தால் அடக்க விலை எவ்வளவு ஏறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 2015-இல் அந்தத் திட்டத்தை மூடிவிட்டார்கள். உறுதி விலைக்கான பணம் மற்ற வாடிக்கையாளர்களின் பில்லிலிருந்து வருகிறது. அந்தச் சுமை கூடக்கூட எதிர்ப்பும் கூடும். இந்த மூன்று இடத்திலும் காற்று முதலில் இருந்தது, விலை பிறகு வந்தது.

பில்லுல கேடபிள்யூடிபிபின்னு ஒரு காசு புடிக்குறாங்களே, அது நமக்குத் திரும்பி வருமா?

அது புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி. 2011-இல் 1 விழுக்காடாகத் தொடங்கி 2014 முதல் 1.6 விழுக்காடு. முதல் பதிலில் சொன்ன உறுதி விலை ஒப்பந்தங்களுக்கு அதிலிருந்துதான் பணம் போகிறது. தனி ஆளுக்குத் திரும்பாது. ஆனால் உங்கள் பக்கத்துச் செம்பனை ஆலை உயிர்வாயு மின்சாரம் விற்கிறதென்றால், நீங்கள் கட்டிய காசும் அதில் இருக்கிறது.

பெர்ஹெந்தியான் தீவுல வெச்சாங்களே, அது மட்டும் எப்படி?

2007-இல் அங்கே சூரிய ஒளி, டீசல், மின்கலத்தோடு தலா 100 கிலோவாட் காற்றாலைகள் இரண்டைச் சேர்த்த கலப்பு நிலையம் வந்தது. தீவுக்குப் பெருநிலத்து லைன் இல்லை. டீசல் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு 3 யூனிட் சொச்சம் தரும். லிட்டர் 3 ரிங்கிட் என்றால் எரிபொருள் மட்டும் யூனிட்டுக்கு 1 ரிங்கிட்டை ஒட்டி வரும், படகில் ஏற்றிப்போகும் கூலி தனி. அங்கே காற்று மின்சாரம் போட்டி போடுவது 27 சென்னோடு இல்லை, ஒரு ரிங்கிட்டோடு. தெனாகா லைன் வந்துவிட்ட தோட்டத்துக்கு அந்த ஒப்பீடு பொருந்தாது. லைன் எட்டாத உட்புறக் குடியிருப்பு என்றால்கூட நம் பக்கம் சோலாரும் சிற்றோடை நீர்மின்சாரமும் காற்றை முந்திவிடும்.

கரண்ட் போனா நம்ம சொந்த மெசின் ஊருக்கு வெளிச்சம் குடுக்குமா?

லைனோடு இணைந்த எந்த இயந்திரமும், காற்றோ சோலாரோ, லைன் இறந்ததும் தானாக நின்றுவிட வேண்டும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிர் சம்பந்தப்பட்டது. மின்கலமும், வெளிலைனைத் துண்டிக்கும் மாற்று சுவிட்சும் தனியாக வைத்தால் உங்கள் கட்டடத்துக்கு மட்டும் ஓடும். அது தனிச் செலவு, தனி அனுமதி.

ஒருத்தர் வந்து, 5,000 வெள்ளி போட்டா காத்தாலைப் பங்குல மாசம் 150 வெள்ளி தர்றேங்குறார். போடலாமா?

மேலே உள்ள 100 கிலோவாட் கணக்கை வைத்தே பாருங்கள். 10 லட்சம் ரிங்கிட் திரட்ட 200 பேர். ஆளுக்கு மாதம் 150 என்றால் ஆண்டுக்கு 360,000 ரிங்கிட் கொடுக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் தாராளமாக 43,800 யூனிட் என்று வைத்து, ஒவ்வொன்றையும் முழு 44.43 சென்னுக்கே விற்றாலும் வரவு 19,460 ரிங்கிட். 30,000 ரிங்கிட் பராமரிப்புக்கே அது போதாது. பிறகு அந்த 150 வெள்ளி எங்கிருந்து வரும்? அடுத்து சேருபவரின் 5,000-லிருந்து.

நம் மக்களுக்குப் பணம் சேர்த்துச் சொத்து வாங்கத் தெரியாது என்று இதற்குப் பொருளில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டமே வாங்கினார்கள். அங்கே கையில் நிலம் இருந்தது, மரம் இருந்தது, பால் வடிந்தது. இன்று யாராவது பங்கு கேட்டு வந்தால் அது கூட்டுறவு ஆணையத்தில் பதிவான சங்கமா, அல்லது 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவன ஆணையத்தில் பதிவான முதலீட்டுத் திட்டமா என்று கேளுங்கள். கையெழுத்தான மின்கொள்முதல் ஒப்பந்தத்தையும், ஓராண்டுக் காற்று அளவீட்டையும் காட்டச் சொல்லுங்கள். இந்த நான்கில் ஒன்றும் இல்லாவிட்டால் பாஸ்புக்கை எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்ப நம்ம ஊருல என்னதான் செய்யலாம்?

வெயில். 5 மீட்டர் சுழலி நம் காற்றில் ஆண்டுக்கு 300, 400 யூனிட் தேற்றுவதே பெரும்பாடு. 1 கிலோவாட் சோலார் தகடு 1,200 யூனிட் அளவில் தரும், அசையும் பாகமும் இல்லை. ஆனால் அளவை அடக்கமாக வையுங்கள். கோவில் மண்டபத்தில் 10 கிலோவாட் போட்டால் மாதம் 1,000 யூனிட் வரும். பகல் பயன்பாடு 400 யூனிட்தான் என்றால், அந்த 400-க்கு முழுக் கட்டணம் மிச்சம். மீதி 600-க்குச் சந்தை விலைதான், அதிலும் அந்த மாதப் பில்லுக்கு மேல் போனது வீண். கோவிலின் விளக்கும் ஒலிபெருக்கியும் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் ஓடுபவை. 4 கிலோவாட் போதும் இடத்தில் 10 போட்டுவிட்டு "தெனாகா ஏமாற்றிவிட்டது" என்பதில் பயனில்லை. பகலில் குளிரூட்டியும் மின்விசிறியும் ஓடும் பள்ளி இதற்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் கூரை யாருடையது, அனுமதி தர வேண்டியது வாரியமா கல்வி இலாகாவா என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

உறுதி விலை வேண்டுமென்றால் செம்பனை ஆலையைப் பாருங்கள். ஒரு டன் குலையை ஆட்டினால் 0.65 கன மீட்டர் அளவில் கழிவுநீர் வரும். அதை மூடிய குளத்தில் புளிக்க வைத்தால் ஏறக்குறைய 18 கன மீட்டர் உயிர்வாயு, அதிலிருந்து 35 யூனிட் சொச்சம். நாளுக்கு 900 டன் ஆட்டும் ஆலைக்கு 31,500 யூனிட், இரவு பகல் 1.3 மெகாவாட். ஆலை முதலாளியுடையது, ஊருக்குப் பங்கு தானாக வராது. ஆனால் ஆலை உரிமத்தைப் புதுப்பிக்கும்போதும் சுற்றுச்சூழல் கூட்டங்களிலும் கேட்பதற்கு இதைவிடப் பொருளுள்ள கோரிக்கை கிடைப்பது அரிது: குளத்து நாற்றமும் குறையும், மின்சாரமும் வரும்.

நாளைக்குச் சட்டம் மாறி காத்துக்கும் ரேட் வந்துட்டா? நாம பின்தங்கிடக் கூடாதே.

காற்றுக்கு விலை வந்தால் பலனடையப் போவது கூடாட், மெர்சிங் போன்ற கரையோர ஊர்கள். அங்கே உறவினர் இருந்தால் இந்தப் பக்கத்தை அனுப்புங்கள். நம் ஊரிலும் உறுதியாகத் தெரிந்துகொள்ள விரும்பினால் முதலில் செலவில்லாத வேலை: டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்து வெளியிட்ட உலகக் காற்று வரைபடத்தை இணையத்தில் திறந்து, உங்கள் இடத்தில் 50 மீட்டர், 100 மீட்டர் உயரத்துச் சராசரியைப் பாருங்கள். 5 மீட்டருக்குக் கீழே காட்டினால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

5-க்கு மேல் காட்டும் இடத்தில் மட்டும் அளவுக் கம்பம் நடுங்கள். காற்றாலையின் நடுவச்சு உயரத்தில் ஒன்றும், அதற்கு 10, 20 மீட்டர் கீழே ஒன்றுமாக இரண்டு வேகமானி, ஒரு திசைகாட்டி, பத்து நிமிடச் சராசரியைப் பதியும் கருவி. இரண்டு பருவக்காற்றும், நடுவில் வரும் காற்றில்லாத ஏப்ரல், அக்டோபர் மாதங்களும் அடங்க முழுதாகப் பன்னிரண்டு மாதம் ஓட வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும் அளந்து ஆண்டுக்குப் பெருக்குவதுதான் கிழக்குக்கரைக் கணக்குகளில் எளிதாக நுழைந்துவிடும் தவறு. வேகமானியைக் கம்பம் காற்றை மறைக்காதபடி நீட்டுக் கையில் பொருத்துங்கள், பதிவை மாதம் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். குளவிக்கூடு கட்டி கிண்ணம் நின்றுபோனது தெரியாமல் மூன்று மாதம் சுழியமாகப் பதிந்துவிட்டால் அந்த ஆண்டே வீண்.